குழியடிக்கு வந்த கார்

பெல்மதுளை
2025 ஏப்ரல் 22

நானாவுக்கு,

ஸலாம். இதை நான் படிப்பிக்கும் பாடசாலையின் கணினியில் இருந்து எழுதுகிறேன். போனில் பேசலாம்தான், ஆனால் அப்லால் என் போனை எடுத்துப் பார்ப்பார். சந்தேகத்தில் அல்ல, மேசையில் கிடக்கும் பத்திரிகையைப் புரட்டுவது மாதிரி அது அவருக்கு ஒரு பழக்கம். நீங்களும் இந்த மின்னஞ்சலுக்கே பதில் போடுங்கள்.

முதலில் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். என் மாப்பிள்ளை, உங்கள் மச்சான், அப்லாலுக்குக் கார்ப் பைத்தியம் பிடித்திருக்கிறது, அதற்குத் தூபம் போடுவது என் கூடப்பிறந்த நானா. நீங்கள் அனுப்பும் படங்களைச் சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டுதான் அவர் சாப்பிடுகிறார். நேற்று ஒன்றைக் காட்டினார். பின்கதவே இல்லை. முழங்கால் வருத்தக்காரி உம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் எந்தப் பக்கத்தால் ஏற்றுவது என்று கேட்டேன். "இது ஏத்தி எறக்குற வண்டியில்ல, ஓட்டுற வண்டி" என்றார்.

காசு எங்கே என்றால், வரக்காப்பொலையில் அவருடைய வாப்பா விட்டுப்போன றப்பர் காணியை விற்றுவிட்டாராம். அவருடைய சொத்து, கேட்க எனக்கு வாயில்லை. என் பயம் வேறு. நீங்கள் ஜப்பானுக்குப் போய்க் கன காலம், மறந்திருப்பீர்கள். இரத்தினக்கல் குழிப் பங்குக்காரர் யாரும் கல் விற்றுப் பங்கு பிரிக்கும் முன்னால் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி எதையும் வாங்க மாட்டார்கள். ஒருவன் புது சைக்கிள் வாங்கினாலும் மற்றவர்கள் மனதுக்குள் கணக்குப் பார்ப்பார்கள். பியதாச மாத்தயாவின் வயலில் வெட்டுகிற குழியில் அப்லாலுக்குத் தண்ணீர் இறைக்கும் பம்புக்கான பங்கு. மேல் தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருக்கும் கிருஷ்ணகுமாருக்கு உள்ளே இறங்கி வெட்டுகிற பங்கு. போன மழைக்குப் பிறகு அந்தக் குழியில் சொல்லிக்கொள்ள ஒரு கல் வரவில்லை. இந்த நேரத்தில் ஜப்பானில் இருந்து கார் வந்து இறங்கினால் ஊர் என்ன சொல்லும்?

நீங்கள் சொன்னால் கேட்பார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

யும்னா


தொயாமா
2025 மே 3

அன்புத் தங்கச்சி,

வாசித்துவிட்டுச் சிரித்தேன். கோபித்தாலும் நீ டீச்சர் மாதிரியே கோபிக்கிறாய், அடுத்தது கை நீட்டச் சொல்வாய் என்று நினைத்தேன்.

மச்சானுக்குப் பொறுமை சொல்ல என்னால் முடியாது. அந்தாள் ஒரு நாளைக்கு மூன்று தரம் போன் எடுக்கிறார், நான் கார் யார்ட்டில் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தாலும் எடுக்கிறார். பழைய இம்ப்ரெஸா கேட்டார். மூன்று வருஷத்துக்கு மேற்பட்ட வண்டியை நாட்டுக்குள் விடமாட்டார்கள் என்றேன். புது சுபாரு ஒன்று காட்டினேன், கியர் கையால் போட ஏலாது, அது பொம்பிளைகளுக்கு என்றார். (கோபிக்காதே, அவர் சொன்னது.) சிவிக் டைப் ஆர் என்றால் நான்கு கதவு, உம்மாவும் ஏறலாம், ஆனால் அது அகலம், தோட்டத்து வளைவில் எதிரே பஸ் வந்தால் கதை முடிந்தது. கடைசியில் ஜீ.ஆர். யாரிஸில் வந்து நிற்கிறோம். சின்ன வண்டி, மூன்று சிலிண்டர், நாலு சக்கரமும் இழுக்கும், ஆறு கியர். பெல்மதுளையில் இருந்து பலாங்கொடை ஏறுகிற அந்த ரோட்டுக்கென்றே செய்த மாதிரி இருக்கும். நான் கைக்காசு போட்டு வாங்க முடியாததை மச்சானின் காசில் தேடுவதிலும் ஒரு சந்தோஷம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

குழிக்காரர் கதையெல்லாம் பழைய காலம். காணி விற்ற காசு என்றால் சொல்லிவிட்டால் போச்சு. உம்மாவின் மருந்தை அவர்தானே வாங்கிக் கொடுக்கிறார்? அந்த மனுஷன் ஒன்றுக்கு ஆசைப்பட்டால் குறுக்கே நிற்காதே.

ஹில்மி நானா


பெல்மதுளை
2025 மே 19

நானா,

பழைய காலம் என்றீர்கள். கேளுங்கள். இரத்தினபுரியில் ஒரு தரகர் பியதாச மாத்தயாவிடம் ஒரு கதை சொல்லியிருக்கிறார். சந்தையில் ஒரு நீலக்கல் கைமாறியதாம், அந்த நிறம் இந்த வயல் குழியைத் தவிர வேறெங்கும் வராதாம். குழிக்குக் குழி நிறம் வேறு என்று இந்தத் தொழில்காரர்கள் அடித்துச் சொல்வார்கள். பங்குக்காரரில் யாரோ ஒருவர் கல்லை மறைத்துவிட்டார் என்று இப்போது எல்லாருடைய மனதிலும் விழுந்துவிட்டது. மண் கழுவும்போது ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கிறார்களாம். கிருஷ்ணகுமாரின் மனைவி கோகிலா மகளைப் பாடசாலையில் விட வந்தபோது சொன்னாள்.

இதை அப்லாலிடம் சொன்னேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் நிறுத்தவில்லை, நிமிரவும் இல்லை. "தரகன் நூறு கதை செல்லுவான்" என்றார்.

காரைத் தள்ளிப்போடுங்கள். ஒரு வண்டியும் சரியில்லை என்று பொய் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் நம்புவார்.

யும்னா


தொயாமா
2025 ஜூன் 27

யும்னா,

வாங்கியாகிவிட்டது. முதலில் பார்த்த கறுப்பு நிற யாரிஸ் வெளியில் பளபளவென்று இருந்தது. சக்கரத்துக்கு மேலே கைவிட்டுத் தடவினேன், உள்ளே டயர்த் துணுக்குகள் ஒட்டிக்கிடந்தன. பந்தயத் தடத்தில் ஓட்டிய வண்டிக்குத்தான் அப்படி இருக்கும். பிரேக் தட்டும் சூட்டில் நீலம் பாரித்திருந்தது. விட்டுவிட்டேன். அடுத்த வாரம் ஒரு வெள்ளை வந்தது. அடியில் துரு இல்லை, பொனட் போல்ட்டுகளில் கழற்றிப் பூட்டிய ஸ்பேனர் அடையாளம் இல்லை, ஒரு வயதானவர் வைத்திருந்த வண்டி. இதைவிட நல்ல வண்டி இலங்கைக்கு வராது.

பணமும் வந்துவிட்டது. ஹம்பாந்தோட்டைக்குக் கப்பலேற்றுவோம்.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். யாராவது இந்தக் காரைப் பற்றிக் கேட்டால் உனக்குத் தெரிந்ததைத் தெரிந்தபடியே சொல். அதற்கு மேல் நீயாகத் தேடிக்கொண்டு போகாதே. மச்சானிடமும் கிண்டிக் கிண்டிக் கேட்காதே. நீ அந்த வீட்டில் நிம்மதியாக இருக்கவேண்டும், எனக்கு அவ்வளவுதான் வேண்டும்.

நானா


பெல்மதுளை
2025 ஆகஸ்ட் 14

நானா,

உங்கள் போன கடிதத்தில் உங்கள் குரலே இல்லை. பகிடியும் இல்லை, திட்டும் இல்லை. ஏன் என்று கேட்டு எழுத நினைத்தேன், அதற்குள் கார் வந்துவிட்டது.

உண்மையைச் சொல்ல வேண்டும், அழகான கார். பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடிவந்தார்கள், எனக்கும் சிரிப்பு வந்தது, அப்லால் ஓட்ட ஒரு சுற்றுப் போய் வந்தேன். வளைவில் அது ரோட்டைப் பிடித்துக்கொண்டு திரும்பியபோது நெஞ்சு குளிர்ந்துபோனது. அத்தோடு வீட்டில் நிறுத்தியிருக்கலாம். மறுநாளே அதை எடுத்துக்கொண்டு நேராகக் குழியடிக்குப் போயிருக்கிறார். கல் ரோட்டில், ஹோர்ன் அடித்துக்கொண்டு. கிருஷ்ணகுமார் கழுத்துவரை சேற்றோடு மேலே ஏறிவந்து, கை படக்கூடாதென்று பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தானாம். பியதாச மாத்தயா ஒரு சுற்றுச் சுற்றி வந்து, 'ஹொந்தய், ஹொந்தய்' என்று மட்டும் சொன்னாராம். எவ்வளவு, எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. அதை அப்லால் பெருமையாக எனக்குச் சொல்கிறார். நல்லது என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார்கள் என்றால் அது பெருமையா?

அன்றிலிருந்து குழிக் குடிசையில் இவருக்குத் தேத்தண்ணி ஊற்றுவதில்லை. இவர் போனால் பேச்சு நின்றுவிடுகிறது.

இன்று காலை சுபஹு தொழுகைக்கு எழுந்து கதவைத் திறந்தேன். கார் பொனட்டின் மேல் ஒரு கூடை 'இல்லம்' சரளை கொட்டிக்கிடந்தது. குழியில் இருந்து எடுத்து, கழுவி, கல்லெல்லாம் பொறுக்கிய பிறகு மிஞ்சுகிற வெறும் சரளை. ஈரம்கூடக் காயவில்லை, வெள்ளைப் பெயின்டில் மஞ்சள் தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. கேட் பூட்டியபடியே இருந்தது. அப்லால் வந்து தன் இடுப்புச் சாரத்தாலேயே வழித்துத் துடைத்தார். பொடியன்களின் வேலை என்றார்.

எனக்குப் பயமாக இருக்கிறது, நானா.

யும்னா


தொயாமா
2025 ஆகஸ்ட் 16

தங்கச்சி,

காரை மூடி உள்ளே வைக்கச் சொல். நீயும் பிள்ளைகளும் அதில் ஏற வேண்டாம். குழிப் பக்கம் போகாதே.

சத்தியம் பண்ணச் சொல்லி அவர்கள் கேட்டால், உனக்குத் தெரிந்ததைச் சொல்லு. அதில் குற்றமில்லை.

நானா


பெல்மதுளை
2025 செப்டெம்பர் 3

நானா,

சத்தியம் கேட்பார்கள் என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? கேட்டுவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பங்குக்காரர் எல்லாரும் எங்கள் வீட்டுக்கு வந்து முன்னறையில் உட்கார்ந்தார்கள். மரியாதையாகத்தான் பேசினார்கள். எல்லாரும் அவரவர் இடத்தில் சத்தியம் பண்ணி முடிந்தது, பியதாச மாத்தயா வீட்டார் சமன் தெய்வத்தின் தேவாலயத்தில், கிருஷ்ணகுமார் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கற்பூரம் அணைத்து. இனி அப்லால் மட்டும்தான் மிச்சம், குர்ஆனைத் தொட்டு ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்றார்கள்.

சொல்லிவிட்டு எழும்புவார் என்று பார்த்தேன். அவருக்கு முகம் சிவந்தது. "ஆம்புள சத்தியம் பண்ணித்தான் நம்பணுமா? என்ட பொஞ்சாதிக்கிட்டக் கேளுங்க. அவ பொய் செல்ல மாட்டாண்டு ஊருக்கே தெரியும்."

எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். பியதாச மாத்தயா, டீச்சர் சொன்னால் எங்களுக்குப் போதும் என்று சிங்களத்தில் சொன்னார். நான் கை, முகம், கால் கழுவி வுளூ எடுத்துக்கொண்டு வந்து குர்ஆனைக் கையில் ஏந்தினேன். இந்த வீட்டுக்கு அந்தக் குழியில் இருந்து மறைத்த கல் எதுவும் வரவில்லை, இந்தக் கார் வரக்காப்பொலைக் காணி விற்ற காசு என்று அல்லாஹ்வின் மேல் ஆணையிட்டுச் சொன்னேன். குரல் தடுமாறவே இல்லை. உண்மையைத்தானே சொன்னேன்.

பிறகு தேத்தண்ணி குடித்தார்கள். கிருஷ்ணகுமார் போகும்போது வாசலில் நின்று, "டீச்சர் சொன்னா சரிதாங்க. எனக்கு இப்பத்தான் மனசு லேசாயிருச்சுங்க" என்றான். அப்லாலுக்கு ஒன்றும் வந்துவிடக்கூடாது என்று உண்மையிலேயே அவனுக்குக் கவலை இருந்திருக்கிறது.

ஆனால் கேட் அருகில் பியதாச மாத்தயா மகனிடம் சொன்னது என் காதில் விழுந்தது. கல் போனது நிச்சயம், டீச்சர் வீட்டுக்கு அது வரவில்லை, அப்படியென்றால் யார்? கிருஷ்ணகுமாரின் லயக் காம்பிராக் கூரைக்குப் புதுத் தகரம் போட்டிருப்பதைப் பார்த்தாயா என்று கேட்டார். அவன் கோயிலில் சத்தியம் பண்ணினானே என்றான் மகன். டீச்சருடைய சத்தியமும் லயத்துக்காரன் சத்தியமும் ஒன்றா என்றார்.

அந்தத் தகரம் அவனுடைய மூத்த மகள் கார்மென்ட்ஸில் உழைத்து வாங்கியது. கோகிலா எனக்குச் சொல்லியிருக்கிறாள். ஓடிப்போய் அதைச் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் தலையில் இருந்து இறங்கியதே போதும் என்று கதவைச் சாத்திவிட்டேன்.

யும்னா


தொயாமா
2025 செப்டெம்பர் 7

அன்புத் தங்கச்சி,

அல்ஹம்துலில்லாஹ். நெஞ்சில் இருந்து பாரம் இறங்கியது. நீ கெட்டிக்காரி, எங்கள் வாப்பாவின் பிள்ளை.

தோட்டத்தானைப் பற்றி யோசிக்காதே. அவர்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்வார்கள். மச்சானிடம் சொல், முதல் ஒயிலை நேரத்தோடு மாற்ற வேண்டும், கண்ட கண்ட ஒயிலும் ஊற்றக்கூடாது. நல்லதை நான் இங்கிருந்து அனுப்பிவைக்கிறேன். பொனட்டில் கீறல் இருந்தால் படம் எடுத்து அனுப்பு.

ஹில்மி நானா


பெல்மதுளை
2025 செப்டெம்பர் 25

நானா,

ஒயிலைப் பற்றி இனி எனக்கு எழுத வேண்டாம்.

சனிக்கிழமை வரக்காப்பொலையில் பஸீஹா மாமியின் மகளுக்குக் கல்யாணம். குழியில் வேலை என்று அப்லால் வரவில்லை, என்னையும் போக வேண்டாம் என்றார். உம்மா ஆசைப்பட்டாள், பஸ்ஸில் கூட்டிக்கொண்டு போனேன். சாப்பாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் பின்பக்கம் ஓடின, தேடிப் போனேன். கல்யாண வீட்டுக்குப் பின்னால்தான் அந்தக் காணி என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. றப்பர் மரங்களில் சிரட்டை கட்டியிருந்தது, பால் வடிந்துகொண்டிருந்தது. பால் வெட்டுகிறவர் என்னை அடையாளம் கண்டு, அப்லால் முதலாளி சுகமா, இந்த மாதம் றப்பர் ஷீட் எடுக்க ஏன் வரவில்லை என்று கேட்டார். யாருக்கு விற்றது என்று கேட்டேன். விற்கவில்லையே என்றார்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் உம்மா கல்யாணக் கதை சொல்லிக்கொண்டு வந்தாள். ஒரு சொல்லும் என் காதில் ஏறவில்லை.

ஊருக்கு வந்து இறங்கியதும் கேள்விப்பட்டது இது. முதல் நாள் இரவு கிருஷ்ணகுமாரைக் கடைக்குப் போகும் வழியில் ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். காலையில் வயல் வரப்பில் கிடந்தான். கல் எங்கே என்று கேட்டுக் கேட்டு இரண்டு கை விரல்களையும் முறித்திருக்கிறார்கள். இரத்தினபுரி ஆஸ்பத்திரியில் இருக்கிறான். பொலிஸுக்குக் குழி ஏணியில் இருந்து விழுந்ததாகச் சொல்லியிருக்கிறான், லயத்தில் பெண்பிள்ளைகள் இருக்கிறார்களே, வேறென்ன சொல்வான்?

கோகிலா பாடசாலைக்கு வந்தாள். சண்டை பிடிப்பாள் என்று நினைத்தேன். "அன்னைக்கு எங்களுக்காகவும் ஒரு வார்த்த சொல்லியிருந்தீங்கன்னா விட்டிருப்பாங்க, டீச்சர்" என்றாள். மகளின் புத்தகப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

காருக்குப் பணம் எங்கிருந்து வந்தது? உங்களுக்குத் தெரியும். ஜூன் மாதத்தில் இருந்தே தெரியும். எழுதுங்கள்.

யும்னா


தொயாமா
2025 செப்டெம்பர் 26

யும்னா,

ஆத்திரப்படாமல் வாசி.

பணம் பேங்கொக்கில் ஒரு கல் வியாபாரியிடம் இருந்து வந்தது. பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது, மச்சானிடம் நேராகவே கேட்டேன். அந்த நீலக்கல் ஜனவரியில் பம்பின் குழாய் வாயில் சிக்கி வந்திருக்கிறது. பம்பைக் கழற்றித் துப்புரவு செய்வது அவர் மட்டும்தானே, ஒருவருக்கும் தெரியாது. முழுக் கல்லும் ஒருவனுக்கென்று அல்லாஹ் எழுதியிருந்தால் அது அவனுக்குத்தான் என்றார். பிழைதான். பிழையில்லை என்று நான் சொல்ல வரவில்லை.

உனக்குச் சொல்ல வேண்டாம் என்று அவர்தான் கேட்டுக்கொண்டார். என்றைக்காவது சத்தியம் கேட்பார்கள், தான் பொய்ச் சத்தியம் பண்ணினால் ஆகிரத்தில் அல்லாஹ்வுக்குப் பதில் சொல்ல முடியாது, யும்னாவுக்குத் தெரியாமல் இருந்தால் அவள் சொல்வது பொய்யாகாது, யாருக்கும் பாவமில்லை என்றார். நானும் யோசித்துப் பார்த்தேன், தெரியாமல் செய்த சத்தியத்துக்குக் குற்றமில்லைதானே? உன்னைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் நினைத்தேன். உம்மா அந்த வீட்டில் இருக்கிறாள், நான் இங்கே இருந்துகொண்டு என்ன செய்ய முடியும்?

கிருஷ்ணகுமாருக்கு ஏதாவது செய்வோம். நான் அனுப்புகிறேன், யார் அனுப்பியது என்று தெரியாமல் கொடுத்துவிடு. ஆனால் வாயைத் திறக்காதே. திறந்தால் அவர்கள் அடுத்து வருவது உன் வாசலுக்கு. பிள்ளைகளை நினைத்துக்கொள்.

நானா


இரத்தினபுரி
2025 ஒக்டோபர் 2

நானா,

இதை ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள ஒரு கடையில் இருந்து எழுதுகிறேன். பிள்ளைகளும் உம்மாவும் வரக்காப்பொலையில் பஸீஹா மாமி வீட்டில் இருக்கிறார்கள். உம்மாவுக்கு எல்லாம் சொல்லிவிட்டேன்.

அப்லாலிடம் உங்கள் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். மறுக்கவில்லை. "ஒனக்குத் தெரியாம வெச்சது ஒனக்காகத்தான்" என்றார். நீங்கள் இரண்டு பேரும் ஒரே வாக்கியத்தைப் பாடமாக்கி வைத்திருக்கிறீர்கள். பாவம் யாருக்கும் ஒட்டாமல் கழுவித் துடைத்துவிட்டீர்கள், துடைக்கப் பாவித்தது என் வாயை. என் நாக்கு சொன்ன ஒரு சொல்லுக்கு இன்னொருவனின் விரல்கள் போயிருக்கின்றன. இனி அவன் சோற்றைப் பிசைந்து சாப்பிடுவானா என்றே டாக்டருக்குத் தெரியவில்லை.

முதலில் கோகிலாவிடம் போனேன். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே முழுவதையும் சொன்னேன். கிருஷ்ணகுமார் கண்ணை மூடிக்கொண்டான். கோகிலா கேட்டு முடித்துவிட்டு, தான் உட்கார்ந்திருந்த கதிரையை என் பக்கம் தள்ளிப் போட்டாள். உட்காருங்க டீச்சர் என்றாள். அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

வீட்டுக்கு வந்தபோது அப்லாலைக் காணவில்லை, போன் வேலை செய்யவில்லை. சாவி ஆணியில் தொங்கியது. எனக்கு வேன் ஓட்டிய பழக்கம் மட்டும்தான், இந்தக் காரின் கிளச் காலுக்குப் பிடிபடவில்லை, தோட்டத்து வளைவில் நின்று நின்றுதான் போனது. குழியடியில் மண் கழுவிக்கொண்டிருந்தார்கள். காரை அவர்களுக்கு நடுவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு இறங்கினேன். பியதாச மாத்தயாவிடம் சிங்களத்திலேயே சொன்னேன், நீங்கள் தேடுகிற கல் இதுதான் என்று. நான் குர்ஆனைப் பிடித்துச் சொன்னது பொய் என்றேன், கிருஷ்ணகுமார் கற்பூரம் அணைத்துச் சொன்னது உண்மை என்றேன். சாவியைக் குடிசை மேசையில் வைத்தேன்.

பம்பை நிறுத்தினார்கள். அப்லால் எங்கே என்று கேட்டார்கள், எனக்குத் தெரியாது, அதைச் சொன்னேன். இது வேறு யாருக்குத் தெரியும் என்று பியதாச மாத்தயா கேட்டார்.

தெரிந்ததைத் தெரிந்தபடியே சொல் என்று நீங்கள்தானே எழுதினீர்கள். உங்கள் பெயரைச் சொன்னேன். எந்த ஊர், எந்த யார்ட் என்று அவருடைய மகன் கேட்டான். அதையும் சொன்னேன்.

யும்னா